காசு வாங்கிவிட்டால் புரொஃபஷனல் வெப் டிசைனரா?

கேள்வி: 4 மார்ச், காலை 10:12

டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, நிறம் மாற்றி, லோகோ போட்டு, கிளையன்ட் தரும் படங்களைச் சேர்த்துத் தளம் செய்து கொடுக்கிறேன். வேலை தொடர்ந்து வருகிறது, பணமும் வருகிறது. கோடிங் பெரிதாகத் தெரியாது. துறையில் இருக்கும் ஒருவர் என் வேலையைப் பார்த்துவிட்டு "இது பொழுதுபோக்கு, புரொஃபஷனல் வேலை இல்லை" என்றார். கிளையன்ட் திருப்தியாகப் பணம் கொடுக்கிறார் என்றால் அது புரொஃபஷனல் வேலைதானே? இன்னும் என்ன வேண்டும்?

பதில்: 4 மார்ச், இரவு 9:35

டெம்ப்ளேட் பயன்படுத்துவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நானும் பயன்படுத்தியிருக்கிறேன், இனியும் பயன்படுத்துவேன். சின்ன பட்ஜெட்டோடு வருகிற ஒருவரிடம், எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பது அவர் பணத்தை வீணாக்குவது. டெம்ப்ளேட்டைப் பார்த்துத்தான் அந்தத் துறைக்காரர் அப்படிச் சொன்னார் என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் நிறம் வந்துவிட்டது, லோகோ வந்துவிட்டது, படங்கள் வந்துவிட்டன, கிளையன்ட்டும் வந்துவிட்டார். அந்தத் தளத்துக்குள் வரப்போகிற ஆள் மட்டும் எங்கேயும் இல்லை. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். இந்தத் தொழிலின் சிக்கலே அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் பக்கத்தைத் திறந்து எதாவது ஒன்றின் மேல் விரலை வைத்து "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்பார். நன்றாக இருக்கிறது, எல்லாரும் வைக்கிறார்கள், டெம்ப்ளேட்டிலேயே இருந்தது என்ற பதில் எதையும் ஏற்க மாட்டார். கிளையன்ட் கேட்டார் என்றால், அவர் ஏன் கேட்டார் என்று அடுத்த கேள்வி வரும். அப்போது எரிச்சலாக இருக்கும். இன்று யாராவது புரொஃபஷனல் என்றால் யார் என்று கேட்டால் என்னிடம் இருக்கும் பதில் அவர் கற்றுக்கொடுத்ததுதான்: தான் வைத்த ஒவ்வொன்றுக்கும், அதைப் பயன்படுத்தப் போகிறவரை முன்னிட்டு ஒரு காரணம் சொல்லத் தெரிந்தவர்.

ஒரு கிளினிக்குக்குத் தளம் செய்த கதையைச் சொல்கிறேன். உரிமையாளருக்கு முகப்பில் பெரிய பெரிய படங்களாக ஓடும் ஸ்லைடர் வேண்டும். கட்டடம், கருவிகள், சிரிக்கும் முகங்கள். நான் வரவேற்பறையில் இருந்தவரிடம் போய், போன் செய்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். "இன்னைக்கு டாக்டர் இருக்காரா, எத்தனை மணி வரைக்கும், இதைத்தான் நாள் பூரா சொல்லிட்டு இருக்கேன்" என்றார். பழைய தளத்தில் அந்த நேர அட்டவணை உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில், அதுவும் ஒரு படமாக இருந்தது. புதிய தளத்தில் இன்றைய நேரமும் தொட்டால் அழைப்பு போகும் எண்ணும் மேலே வந்தன, ஸ்லைடர் ஒரே ஒரு படமாகச் சுருங்கியது. உரிமையாளருக்கு முதலில் மனக்குறைதான். அந்த வரவேற்பறைப் பெண்மணி போன் குறைந்துவிட்டது என்று அவரிடம் சொன்ன பிறகு சரியாகிவிட்டது.

ஸ்லைடர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அங்கே அது யாருக்கும் எதையும் செய்யவில்லை.

5 மார்ச், காலை 7:50

கோடிங் தெரியாது என்றதற்குத் தனியாக ஒரு பதில்.

ஜாவாஸ்கிரிப்டில் பெரிய செயலி எழுதத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லும் அதன் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸும் தெரிந்தே ஆக வேண்டும். ஃபிக்மா போன்ற வரையும் கருவியில் வரைவது ஒரு நிலைத்த படம். பிரவுசரில் அது நீளும், சுருங்கும், எழுத்து பெரிதாகும், படம் வராமல் போகும், தலைப்பு நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நீளமாக வந்து நிற்கும். இதெல்லாம் நடக்கும் இடத்தைத் தெரியாமல் அதற்கு வடிவம் கொடுக்க முடியாது.

சொல்லப்போனால் இணையம் பிறந்தபோதே வளைந்து கொடுக்கும் தன்மையோடுதான் பிறந்தது. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் ஆய்வகத்தில் வைத்த முதல் தளத்தில் வெறும் எழுத்தும் லிங்குகளும்தான். சன்னலை எவ்வளவு குறுக்கினாலும் வரிகள் தாமாக மடிந்து கொள்ளும். அச்சுப் பக்கத்தைப் போல எல்லாம் அந்தந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அட்டவணைகளை வைத்து லேஅவுட் போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை இடைவெளிக்காகத் திணித்து, பிறகு 960 பிக்சல் அகலம் என்று பூட்டிவிட்டது டிசைனர்கள்தான். ஹோகோன் வியூம் லீ 1994-இல் சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தார், 1996 டிசம்பரில் அது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரை ஆனது. அதற்குப் பிறகும் அட்டவணை லேஅவுட் நெடுநாள் போகவில்லை. டிசைனர் ஈதன் மார்காட் 2010 மே மாதம் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் (திரைக்கு ஏற்ப வளையும் டிசைன்) என்று எழுதியபோது விகித அளவிலான கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அளவைப் பார்த்து விதியை மாற்றும் மீடியா குவெரி என்று மூன்றைச் சேர்த்துக் காட்டினார். இணையத்தின் இயல்பை அதற்கே திருப்பிக் கொடுத்தது போல எனக்குப் பட்டது. அந்த மகிழ்ச்சி இன்னும் எனக்குப் போகவில்லை.

5 மார்ச், மதியம் 1:20

எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டவருக்கு: கையில் இருப்பதையே கற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ் வேண்டுமா என்றால், என்னிடம் இதுவரை எந்தக் கிளையன்ட்டும் கேட்டதில்லை.

6 மார்ச், இரவு 10:48

மேலே "பயன்படுத்துகிறவர்" என்று சொல்லிக்கொண்டே போகிறேன். யார் அவர் என்று சொல்லவில்லை. நம்மில் பலர் மனதில் வைத்திருப்பது நம்மைப் போன்ற ஒருவரை. நல்ல கண், நல்ல கை, புது போன், வேகமான இணைப்பு.

பழைய தளம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. தொடங்கும் முன் அதைப் பயன்படுத்தும் சிலரோடு உட்கார்ந்து பார்க்கிறோம் என்று கேட்டு அனுமதி வாங்கினோம். அதில் ஒருவர் பார்வையற்றவர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் பயன்படுத்துபவர். அவர் பதிவுப் படிவத்துக்குள் போனதும் கருவி "பட்டன்... பட்டன்... பட்டன்" என்று மட்டும் சொன்னது. எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் ஐகான்கள். அடுத்தது "எடிட் டெக்ஸ்ட், காலி". பெயர் கேட்கிறதா, போன் நம்பர் கேட்கிறதா, அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கோபப்படவில்லை. "இது பழகினதுதான், நான் என் தங்கச்சிய விட்டு செஞ்சுக்குவேன்" என்றார். தன் பெயரைத் தானே ஒரு படிவத்தில் நிரப்ப முடியாமல் இன்னொருவரை எதிர்பார்க்க வைப்பது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தளத்தைச் செய்தவரும் பணம் வாங்கியிருப்பார், அந்தக் கிளையன்ட்டும் திருப்தியாகத்தான் கொடுத்திருப்பார்.

சரிசெய்ய என்ன ஆனது தெரியுமா? ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டிக்கும் எச்டிஎம்எல்லில் ஒரு லேபிள், ஒவ்வொரு ஐகான் பட்டனுக்கும் ஒரு பெயர். அவ்வளவே.

இது சட்டமாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளையன்ட்டிடம் பேசும்போது உதவும். 1999-இல் சிட்னி ஒலிம்பிக்கின் தளத்தைப் பற்றி புரூஸ் மகுவைர் என்ற பார்வையற்றவர் புகார் கொடுத்தார். படங்களுக்குப் பதிலாகப் படித்துச் சொல்லப்படும் மாற்று உரை இல்லை, விளையாட்டுகளின் பட்டியலுக்கே போக முடியவில்லை. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் 2000-இல் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது, அமைப்புக் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அமெரிக்காவில் டார்கெட் என்ற கடை நிறுவனம், தன் தளத்தைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடியவில்லை என்ற வழக்கில், தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்போடு 2008-இல் 60 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான விதித் தொகுப்பான டபிள்யூசிஏஜியின் 2.0 அதே 2008 டிசம்பரில் வந்தது, 2018-இல் 2.1, 2023 அக்டோபரில் 2.2. விதிகள் ஒளிந்து கிடக்கவில்லை, இலவசமாகப் படிக்கலாம்.

அப்படியும் நிலைமை என்ன? வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவி வைத்துச் சோதிக்கிறது. 2024-இல் 95.9 சதவீதப் பக்கங்களில் இந்த விதிகளை மீறும் பிழை. அதிகம் இருந்த பிழை மங்கலான எழுத்து, 81 சதவீதப் பக்கங்களில். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீடு உள்ள சாம்பல் நிறம் தேறிவிடும், 777777 தேறாது. கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது. அதனால்தான் இதை ரசனைக்கு விடாமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

7 மார்ச், காலை 8:15

நேற்று எழுதியதோடு ஒட்டியது. தமிழில் தளம் செய்கிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் தொடக்கத்தில் குறியுங்கள், அதைப் பார்த்துத்தான் ஸ்கிரீன் ரீடர் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்யும். அப்புறம் பட்டன் அகலம். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற சொல் தமிழில் "சேமிக்கவும்" என்று நீளும். நிலையான அகலம் வைத்த பட்டனை அது உடைத்துக்கொண்டு வெளியே வரும். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்று தாராளமாக வேண்டும், எழுத்துக்கு மேலே ஏறும் கோடும் கீழே இறங்கும் சுழியும் முட்டிக்கொள்ளாமல்.

8 மார்ச், மாலை 6:30

"கிளையன்ட்டைச் சமாளிப்பது எப்படி" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சமாளிப்பது என்று நினைத்தால் கடைசி வரைக்கும் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என் அனுபவத்தில் சண்டைகளில் பெரும்பாலானவை டிசைனால் வருவதில்லை. எழுத்தில் இல்லாததால் வருகின்றன. எத்தனை பக்கம், யார் எழுத்தும் படமும் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எத்தனை முறை திருத்தம், அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, முடிந்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு. ஒரு பக்கத் தாளில் இருந்தால் போதும், வக்கீல் மொழி வேண்டாம். இதைக் கேட்டு ஓடிப்போகிற கிளையன்ட் பின்னால் பணம் கொடுக்காமல் ஓடக்கூடியவர்.

உள்ளடக்கம் வரும்வரை டிசைன் தொடங்காதீர்கள் என்பதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். பொய் எழுத்தை நிரப்பி அழகாக ஒரு பக்கம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடலாம். பிறகு உண்மையான எழுத்து வரும். மூன்று வரி வர வேண்டிய இடத்தில் முப்பது வரி, ஆறு சேவைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அழகு எல்லாம் கலைந்துவிடும். முழு எழுத்தும் கிடைக்கவில்லை என்றால் நாமே கிளையன்ட்டோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒரு முதல் வரைவாவது எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுவது டிசைனர் வேலை இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பட்டனில் "சமர்ப்பி" என்று போடுவதா "நேரம் பதிவு செய்" என்று போடுவதா என்பது எந்த நிறம் என்பதைவிடப் பெரிய டிசைன் முடிவு.

அடுத்தது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. என்னிடம் வந்த ஒருவரின் தளம் திடீரென்று காணாமல் போயிருந்தது, அதோடு அவருடைய மின்னஞ்சலும். முன்பு தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருக்கிறார். பிறகு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் எல்லாம் அவருக்குப் போயிருக்கின்றன, அவர் பார்க்கவில்லை. டாட் காம் போன்ற பெயர்களில் காலாவதியாகி, பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம் அழித்த பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதைத் தாண்டினால் 5 நாளில் பெயர் பொதுவில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இவருக்கு அந்த 30 நாளும் போய்விட்டிருந்தது. தன் தொழில் பெயரைத் தானே இழந்தார், தன் தவறு எதுவும் இல்லாமல். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் மேஸ்திரியை யாராவது நல்ல மேஸ்திரி என்பார்களா?

டொமைன் கிளையன்ட் பெயரில், கிளையன்ட் மின்னஞ்சலில், கிளையன்ட் பணத்தில். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் அப்படியே. நமக்கு அனுமதி மட்டும் போதும். வேலை முடியும்போது கடவுச்சொற்கள், பேக்கப் எடுப்பது எப்படி, கூடுதல் வசதிக்காகச் சேர்த்த எந்த பிளகினுக்கு எப்போது கட்டணம், எழுத்துருவின் உரிமம் எது, படங்கள் எங்கே வாங்கியவை, இதெல்லாம் ஒரே கோப்பில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். நம் வேலைக்குப் பிறகு வேறொரு டிசைனர் வருவார், அவர் நம்மைத் தேடி அலையாமல் தொடர முடிய வேண்டும்.

"அப்படிச் செய்தால் கிளையன்ட் நம்மை விட்டுப் போய்விடுவாரே" என்று சிலர் கேட்பார்கள். போகட்டும். கட்டி வைத்து நிறுத்தின கிளையன்ட் யாரையும் நமக்குப் பரிந்துரைக்க மாட்டார்.

9 மார்ச், இரவு 11:05

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அது அழகுக்கு இடமில்லை என்பது போல ஒலிக்கிறது. அப்படி இல்லை.

அழகு ஒரு காரணம்தான். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் இதை யாரோ அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்று தோன்றினால் உள்ளே வருகிறவர் கொஞ்சம் நம்பிக்கையோடு வருகிறார். எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1996-இல் வெளிவந்த வெர்டானா, ஜார்ஜியா என்ற எழுத்துருக்களைத் திரையில் படிப்பதற்காகவே வடிவமைத்தார். குறைந்த பிக்சலில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பிக்சல் பிக்சலாக யோசித்துச் செய்தது. அந்த எழுத்தின் அழகையும் பயனையும் தனித்தனியாக எடுத்து வைக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிட்டன் அரசு தன் துறைகளின் தளங்களை ஒன்றாக்கி ஜிஓவி டாட் யூகே என்று 2012 அக்டோபரில் தொடங்கியது. வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து, நீல லிங்க், கிட்டத்தட்ட அலங்காரமே கிடையாது. 2013-இல் லண்டன் டிசைன் மியூசியம் அந்த ஆண்டின் சிறந்த டிசைனாக அதைத் தேர்ந்தெடுத்தது. கட்டடங்களும் பொருள்களும் போட்டியில் இருந்தபோது ஓர் அரசுத் தளம் ஜெயித்தது. எனக்கு அதில் பிடித்தது, தேவைப்படும் தகவல் எங்கே இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அங்கே இருக்கும். அதைப் பார்த்து யாரும் வியக்கப் போவதில்லை, தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி ஒன்றைச் செய்ய எவ்வளவு வெட்டி எறிந்திருக்க வேண்டும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் திருத்திச் சொல்கிறேன்: காரணம் அழகாகவும் இருக்கலாம், ஆனால் யாருக்கு அழகு என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

10 மார்ச், காலை 7:20

வேகம் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவர் கேட்டது நியாயம்.

பயனருக்குத் தளம் வருவதற்கு முன்பே டிசைன் தொடங்கிவிடுகிறது. பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன அளவுகள் இன்றும் மாறவில்லை: 0.1 நொடிக்குள் நடந்தால் உடனே நடந்தது போல இருக்கும், 1 நொடி வரை சிந்தனை ஓட்டம் அறுபடாது, 10 நொடிக்கு மேல் கவனம் வேறு எங்கோ போய்விடும். கருவிகள் மாறலாம், மனித மூளை அதேதான். இப்போது கூகுள் வைத்திருக்கும் அளவுகளையும் கூடவே தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிநொடிக்குள் ஏதாவது பதில் தெரிய வேண்டும் (இது 2024 மார்ச்சில் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது). பக்கம் துள்ளும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. நாம் ஒரு லிங்க்கைத் தொடப் போகும்போது மேலே ஒரு விளம்பரம் ஏறி அமர்ந்து வேறெதையோ தொட வைக்குமே, அந்தத் துள்ளல்தான். இவையெல்லாம் நம் ஆபீஸ் கணினியில் அளப்பது இல்லை, உண்மையான வருகைகளில் நான்கில் மூன்று பங்கு இதற்குள் வர வேண்டும்.

டிசைனர் கையில் இருப்பவை: கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் அளவு குறைப்பது, படத்துக்கு அகல உயரம் குறிப்பது (துள்ளல் இதிலேயே நிறையக் குறையும்), எழுத்துருவில் எட்டு தடிமன் எடுக்காமல் இரண்டோடு நிறுத்துவது, அரட்டைப் பெட்டி, பாப்-அப், சமூக ஊடகப் பட்டை என்று கேட்டதையெல்லாம் மாட்டாமல் இருப்பது. பழைய போன் ஒன்றை மேசையில் வைத்திருங்கள். ஒவ்வொரு தளத்தையும் கிளையன்ட்டுக்குக் காட்டுவதற்கு முன் அதில் திறந்து பாருங்கள்.

11 மார்ச், இரவு 9:10

"கிளையன்ட் கேட்டால் எதையும் செய்ய வேண்டியதுதானே, அவர் பணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை.

சந்தாவில் சேர ஒரு பட்டன், விலக வேண்டும் என்றால் போன் செய்து காத்திருக்க வேண்டும். கூடையில் நாம் கேட்காத காப்பீடு தானாக ஏறி உட்கார்ந்திருக்கும். "வேண்டாம்" என்பது வெளிர்சாம்பலில் சின்னதாக, "சரி" என்பது பெரிய பச்சையில். ஹாரி பிரிக்னல் 2010-இல் இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்துத் தொகுக்கத் தொடங்கினார். இப்போது சட்டமும் பின்னால் வந்துவிட்டது: பிளானட்49 என்ற நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று சொன்னது. டிக் போட வேண்டியவர் பயனர்.

இதை யாராவது வரைந்திருக்கிறார்கள் அல்லவா? அந்தச் சாம்பல் நிறத்தை ஒரு டிசைனர்தான் தேர்ந்தெடுத்தார். யாருக்காக என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தெளிவாகவே இருந்தது, அதுதான் வேதனை.

என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. நான் முதலில் மறுக்க மாட்டேன், கேட்பேன்: விலகுகிறவர்கள் ஏன் விலகுகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. சரி, விலகும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வைப்போம், பதில் சொல்லாமலும் விலகலாம் என்று வைப்போம் என்பேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களின் வேலையை விட்டிருக்கிறேன். வேலை தேவைப்படும் நிலையில் இருப்பவருக்கு அது எளிதல்ல என்று தெரியும். குறைந்தபட்சம் எழுத்தில் எச்சரித்துவிட்டுச் செய்யுங்கள், மின்னஞ்சலில் இருக்கட்டும்.

13 மார்ச், காலை 6:55

செயற்கை நுண்ணறிவு நிமிடத்தில் தளம் செய்து தருகிறதே, இனி நமக்கு என்ன வேலை என்று மூன்று பேர் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறீர்கள்.

அசையும் பக்கங்கள் செய்யும் ஃபிளாஷ் மென்பொருள் தெரிந்தால்தான் டிசைனர் என்று ஒரு காலம் இருந்தது. 2020 முடிவோடு அதற்கு ஆதரவு நின்றது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இல் பக்கம் உடையாமல் நிற்க வைப்பதே தனித் திறமையாக இருந்தது, 2022 ஜூனில் அந்தப் பிரவுசர் வரிசையையே மைக்ரோசாஃப்ட் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. அந்தத் திறமைகளை மட்டும் வைத்திருந்தவர்கள் சிரமப்பட்டார்கள். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்கள் அடுத்த கருவிக்கு நகர்ந்தார்கள்.

பக்கத்தை அந்தக் கருவி வரைந்து தரட்டும், நானும் முதல் வரைவுக்குப் பயன்படுத்துகிறேன். அது வரவேற்பறைக்குப் போய் அங்கே இருப்பவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை. அது தரும் பக்கங்களிலும் மங்கலான எழுத்தும் லேபிள் இல்லாத பெட்டியும் வருகின்றன, நாம் எழுதியதிலிருந்துதானே அது கற்றது. தவறிப் போனால் கிளையன்ட் போன் செய்யப் போவதும் நமக்குத்தான்.

கவலை இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறம் மாற்றி லோகோ போடும் வேலைக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் குறையும். அதனால்தான் முதல் கேள்வியைக் கேட்டவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

15 மார்ச், மாலை 5:40

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். மகிழ்ச்சி.

புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். கடைசியாகச் செய்து கொடுத்த தளத்தை எடுங்கள். மவுசைத் தள்ளி வைத்துவிட்டு டேப் கீயை மட்டும் அழுத்தி முகப்பிலிருந்து தொடர்புப் படிவம் வரை போய் அனுப்பிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? பிரவுசரில் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள், எதாவது ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறதா? போனில் கட்டை விரலால் எல்லாப் பட்டனையும் தொட முடிகிறதா? டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தது 24-க்கு 24 பிக்சல் கேட்கிறது, நான் 44 வைப்பேன். அப்புறம் அந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாயை மூடிக்கொள்வதுதான் இதில் கடினம். கை தானாகத் திரையைக் காட்டப் போகும்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் கிளையன்ட்டுக்கு மாற்றிக் கொடுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

16 மார்ச், காலை 9:25

எல்லாப் படத்துக்கும் ஆல்ட், அதாவது மாற்று உரை, எழுத வேண்டுமா என்று கேட்டவருக்கு: தகவல் சொல்லும் படத்துக்கு எழுதுங்கள், அதுவும் படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்த இடத்தில் அது என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். லோகோவே முகப்புக்குப் போகும் லிங்க்காக இருந்தால் எங்கே போகும் என்று எழுதுங்கள். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ஆனால் எச்டிஎம்எல்லில் இருந்து ஆல்ட் என்ற சொல்லையே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கோப்பின் பெயரை, அந்த நீளமான எண்ணும் கோடும் எல்லாம் சேர்த்து, எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்துவிடும்.